ஐசி தொலைஞ்சு போச்சா? தள்ளிப் போடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, வீட்டில் இருக்கிற பெரியவங்களுக்கும் படித்துக் காட்டுங்க.

பள்ளிக்கூட உதவிப் பொருளோ, தீபாவளி அரிசியோ, மருத்துவமனைக்கு ஒரு கடிதமோ, எதற்காகக் கோயிலுக்கு வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது ஐசியைத்தான். பாரத்தில் பெயரும் நம்பரும் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிலருக்கு முகம் மாறிப்போகிறது. "வீட்ல இருக்குங்க" என்பார்கள். "அடுத்த தடவ கொண்டாறேன்" என்பார்கள். அடுத்த தடவையும் வராது. தனியாக உட்கார வைத்து, ஒரு மைலோ கலக்கிக் கொடுத்து, மெதுவாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். தொலைந்து இரண்டு வருடம், நாலு வருடம். ஒரு தம்பிக்கு ஆறு வருடம்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் எல்லாரும் சொல்வது அபராதம். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறோம். முதல் முறை தொலைத்தால் அபராதம் 100 வெள்ளி, கார்டுக்கு 10 வெள்ளி, ஆக மொத்தம் 110. இரண்டாவது, மூன்றாவது முறை என்றால் அபராதம் ஏறும். 110 வெள்ளி ஏழைக்குச் சின்னக் காசு இல்லைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கணக்குப் பாருங்க. இப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளிக்கு மேல் வருகிறது. அபராதம் இரண்டு நாள் கூலிகூட ஆகாது. ஐசி இல்லாத பையனுக்கு அந்த 1,700-ஐ யார் கொடுப்பார்கள்? பேங்க் கணக்கு இல்லை, ஈபிஎஃப் இல்லை, சொக்சோ இல்லை. கையில் கொடுக்கிறதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். செம்பனைக் குலை மேலே விழுந்து கை ஒடிந்தால் அவன் பாடு. மேலே சொன்ன தம்பி 110 வெள்ளிக்குப் பயந்து ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டியிருக்கிறான்.

அடுத்தது போலிஸ் ரிப்போர்ட். சும்மா எங்கேயோ விழுந்துவிட்டது என்றால் புது கார்டு எடுக்க ரிப்போர்ட் கட்டாயம் இல்லை, நேராக ஜேபிஎன் போகலாம். பலருக்கு இது தெரியாது, பாலாய் வாசலுக்குப் போகவே பயந்து வருடத்தை ஓட்டுகிறார்கள். ஆனால் திருட்டு, வழிப்பறி, பை பறிப்பு என்றால் கட்டாயம் ரிப்போர்ட் செய்யுங்க. அந்தத் தாளைக் காட்டினால் அபராதம் தள்ளுபடி. வெள்ளத்தில் போனாலும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் கெடாவில் வெள்ளம் வந்தபோது பெண்டாங்கும் மாட்டியது ஞாபகம் இருக்கும். தண்ணீரில் ஆவணம் போனவர்களுக்கு ஜேபிஎன் கட்டணம் இல்லாமல் மாற்றிக் கொடுக்கும். "வெள்ளத்தில் போச்சு" என்று கவுண்டரில் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் ரிப்போர்ட் செய்து வைப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம். உங்கள் கார்டை எவனாவது எடுத்து உங்கள் பெயரில் போன் நம்பர் வாங்கினால், கடன் எடுத்தால், இந்தத் தேதிக்கு முன்பே கார்டு என் கையில் இல்லை என்று காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும். இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வையுங்க. பர்ஸோடு போயிருந்தால் பேங்குக்குப் போன் செய்து கார்டை முடக்குவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்கப்புறம். பணம் ஏற்கெனவே போய்விட்டது, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றால் 997-க்கு உடனே கூப்பிடுங்க. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

நம்ம மாநிலத்தில் ஒரு வசதி இருக்கு. கெடாவில் அரசாங்க ஆபிசுக்கு லீவு வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் திறந்திருக்கும். பினாங்கு பக்கம் பேக்டரியில் வேலை செய்கிற பிள்ளைகள் ஞாயிறு லீவில் வீட்டுக்கு வந்து "இன்னைக்கு எல்லாம் மூடியிருக்கும்" என்று படுத்துக்கொள்கிறார்கள். எழுப்பி அனுப்புங்க. எந்த ஊர் ஜேபிஎன் கிளையிலும் செய்யலாம், பெண்டாங் ஆளு பெண்டாங்கில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் சம்பந்தப்பட்ட ஆள் நேரில் போக வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். போட்டோ அங்கேயே எடுப்பார்கள், கடையில் எடுத்துக் காசு செலவழிக்க வேண்டாம். பிறப்பு பத்திரம், பழைய ஐசி நகல், லைசன்ஸ், எது இருக்கோ கொண்டு போங்க. கார்டு உடனே கிடைக்காவிட்டால் தற்காலிகத் தாள் ஒன்று தருவார்கள். அதையும் தொலைத்துவிடாதீங்க!

12 இலக்க நம்பர் மாறாது. தொலைந்தாலும் பழைய நம்பரேதான். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கெடா என்றால் பெரும்பாலும் 02, கடைசி நாலில் முடிகிற எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மனப்பாடம் செய்துவிடுவார். நாங்கள் சொல்லிக் கொடுத்துப் பார்த்திருக்கிறோம். நம்பர் தெரிந்தால் கவுண்டரில் பாதி வேலை முடிந்தது.

கைரேகையில் ஒரு சங்கடம் உண்டு. முப்பது நாற்பது வருடம் பால் வெட்டிய கை, மங்கு கழுவிய கை, மருந்து தெளித்த கை. ரேகை தேய்ந்து மிஷின் எடுக்காமல் திணறும். அம்மா பயந்து நடுங்குவார், நம்மைக் கள்ளி என்று நினைத்துவிடுவார்களோ என்று. கூட ஒருவர் போங்க, மகனோ மருமகளோ. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஜேபிஎன் வீட்டுக்கே வந்து செய்யும் திட்டம் ஒன்று இருக்கு, பெயர் மெக்கார். குடும்பத்தில் ஒருவர் போய் விவரம் சொல்லிக் கேட்க வேண்டும். தானாக யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

முன்பெல்லாம் ஐசி இல்லாவிட்டால் ரோட்டில் மறித்தால்தான் பிரச்சினை. இப்போது அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. சாரா உதவிப் பணம் மைகார்டில்தான் வருகிறது, கடையில் கார்டை நீட்டித்தான் அரிசி, மாவு, எண்ணெய் வாங்க முடியும். 2025 ஆகஸ்ட் 31-லிருந்து 18 வயது தாண்டிய குடிமக்கள் எல்லாருக்கும் 100 வெள்ளி போட்டபோது, கார்டு இல்லாதவர்கள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் கடைசியில் புடி95 வந்தது, 1.99 வெள்ளி பெட்ரோலுக்கும் அதே கார்டுதான்.

இனி சொல்லப் போவது கொஞ்சம் கசப்பு. "தொலைஞ்சு போச்சு" என்று எங்களிடம் வருகிற ஐசிகளில் சில தொலையவே இல்லை. வட்டிக்குக் கொடுத்தவன் மேசை டிராயரில் இருக்கு. மகனுக்கு மோட்டார், மகளுக்குச் சடங்கு, அவசரத்துக்கு 500 வெள்ளி. ஐசியையும் பேங்க் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டான். சம்பளம் விழுந்த அன்று அவனே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறான். சில குத்தகைக்காரர்களும் ஆள் ஓடிவிடக் கூடாது என்று ஐசியை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். 1990-ஆம் வருடத் தேசியப் பதிவு விதிமுறைகளின்படி, சட்டப்படி அனுமதி இல்லாமல் இன்னொருவர் ஐசியை வைத்திருப்பது குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் குடிசையில் செக்குரிட்டி "ஐசி வெச்சிட்டுப் போ" என்று சொல்வதற்கும் அதிகாரம் கிடையாது. கேட்டுப் பார்க்க உரிமை உள்ளவர்கள் போலிஸ், ஜேபிஎன் போன்ற அதிகாரிகள்தான்.

இப்படிப்பட்டவர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "தொலைஞ்சுடுச்சுன்னு ரிப்போர்ட் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கவா?" நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். பொய் ரிப்போர்ட் கொடுத்தால் அது தனிக் குற்றம். இதுவரை கடன்காரர், இனிமேல் குற்றவாளி என்று ஆகிவிடும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, இன்னார் வாங்கி வைத்திருக்கிறார், கேட்டேன், தரவில்லை என்று. பயம் இருக்கும், தெரியும். அவனும் பக்கத்துத் தெருதான், திருவிழாவுக்கு வந்து முன்வரிசையில் நிற்கிற ஆள்தான். எங்கள் குழுவிலேயே இதில் இரண்டு கருத்து உண்டு. முதலில் பேசிப் பார்க்கலாம், கோயில் பெரியவர்கள் கூட இருந்தால் கொடுத்துவிடுவான் என்கிறார்கள் சிலர். அப்படி இரண்டு கார்டு திரும்பி வந்ததும் உண்மை. ஆனால் பேசி வாங்கினால் அவன் அடுத்த ஆளிடம் வாங்கி வைத்துக்கொள்கிறானே என்கிறார்கள் மற்றவர்கள். இன்னும் முடிவாகவில்லை. கடனைக் கடனாகக் கட்டுங்க, ஐசியை மட்டும் அடகு வைக்காதீங்க என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

நம்ம ஆட்களுக்கு இந்தக் கார்டின் மேல் இருக்கிற பயம் இன்று நேற்று வந்ததில்லை. 1948-இல் அவசரகாலம் ஆரம்பித்தபோதுதான் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் போட்டோவும் கைரேகையும் வைத்து ஐசி கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து வந்து கார்டைப் பிடுங்கிக் கிழித்தார்கள். கார்டு இல்லாவிட்டால் ராணுவம் பிடித்தது. நடுவில் மாட்டியது தோட்டத்து ஜனம். மெர்டேக்கா வந்தபோது குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியவர்கள் பலர் போடவில்லை. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்தவர்கள் உண்டு. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் அதைவிட அதிகம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பார்த்தே இராத ஊருக்கு. லயத்தில் இருந்த பழையவர்களைக் கேட்டால் எந்த வீடு காலியானது என்று இன்றும் சொல்வார்கள்.

போகாமல் தங்கியவர்களில் சிலர் கையில் இருப்பது சிவப்பு ஐசி. 2011-இல் மைடஃப்தார் என்று இந்தியர்களுக்காகவே பதிவு இயக்கம் நடந்தது. 2018 ஆகஸ்டில், 60 வயது தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்போவதாக அன்றைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். இருந்தும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். நீல ஐசி தொலைந்தால் 110 வெள்ளியோடு போகும். சிவப்பு ஐசி தொலைந்தவர் அதோடு தன் கதையையே தொலைத்தமாதிரி. பிறப்பு பத்திரம் இல்லை, பிறந்த தோட்டம் விற்றுத் துண்டு துண்டாகிவிட்டது, செக்ரோல் எழுதிய கிராணி இறந்துவிட்டார். அதனால் அப்படிப்பட்ட பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால், கார்டு கையில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் நகல் எடுத்துவிடுங்க. பழைய தோட்டச் சீட்டு, தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி அட்டை, கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீங்க.

பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். 12 வயதில் முதல் மைகார்ட், 18 வயதில் மாற்ற வேண்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும், இல்லாத தோட்டத்தின் பெயரைப் பத்து வருடமாகக் கார்டில் சுமந்துகொண்டு திரியாதீங்க. இன்னொன்று, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்ய வேண்டும். 1982 மார்ச்சிலிருந்து அதுதான் சட்டம். பதிவு இல்லாத கல்யாணத்தில் பிறக்கிற பிள்ளைக்கு அம்மாவின் குடியுரிமைதான். அம்மாவுக்கே ஐசி இல்லை, சிவப்பு ஐசி என்றால், அப்பா நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளை மாட்டிக்கொள்ளும். பள்ளியில் சேர்க்கும்போது அழுதுகொண்டு வருவார்கள். மண்டபம் புக் பண்ணும்போது நாங்கள் பதிவைப் பற்றித் தொணதொணப்பது இதனால்தான், கோபப்படாதீங்க.

கோயிலில் கண்டெடுக்கிற ஐசியை நாங்கள் ஜேபிஎன்னிலோ பாலாயிலோ ஒப்படைத்துவிடுகிறோம். நீங்களும் அப்படிச் செய்யுங்க. படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் நம்பரும் முகவரியும் தெரிய அனுப்பாதீங்க, நல்ல மனசோடு செய்தாலும் மோசடிக்காரனுக்கு அதுவே போதும். புது கார்டு எடுத்த பிறகு பழையது கட்டிலுக்கு அடியில் கிடைத்தால் அதையும் ஜேபிஎன்னில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் இரண்டு பேர் நகல் மிஷினோடு உட்கார்ந்திருப்பார்கள். பாரம் நிரப்பித் தருவோம், மலாயில் பேசத் தயக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூடவே வருவோம், காடி இருக்கு. அபராதக் காசு இல்லையென்றால் அதையும் வந்து சொல்லுங்க, பார்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன தம்பி போன மாதம் புது கார்டு எடுத்துவிட்டான். இப்போது மோட்டார் லைசன்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.