தாயற்ற குட்டியும் தனித்த உள்ளமும்

துயருற்ற இல்லத்திற்குச் செல்லும்போது ஆறுதல் மொழிகள் பலவற்றை நாம் சுமந்து செல்கின்றோம். அவை தேவையானவையே. எனினும், அடக்கச் சடங்கு முடிந்து, உற்றார் உறவினர் தத்தம் ஊர் திரும்பிய பின், வெறிச்சோடிய வீட்டில் தனித்திருப்பவருக்கு அம்மொழிகள் நெடுநாள் துணை நிற்பதில்லை. அத்தகைய வேளையில், பேச்சறியாத ஓர் இளங்குட்டி மனிதரை மீண்டும் வாழ்வுக்கு அழைத்து வருவதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கின்றேன்.

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில், இராஜவாய்க்கால் பாயும் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். கணவரை இழந்த முதிய தாய் ஒருவர், மக்கள் வெளியூரில். பல வாரங்களாக வேளைக்கு உண்ணாமல், பகலிலும் கதவைச் சார்த்திக் கிடந்தவர். அன்று வாசலில் அமர்ந்து, வெள்ளாட்டுக்குட்டி ஒன்றுக்குப் புட்டிப்பால் ஊட்டிக்கொண்டிருந்தார். ஈன்ற மறுநாளே தாயாடு இறந்துவிட, அண்டை வீட்டார் குட்டியை அவரிடம் விட்டுச் சென்றனராம். “உடம்பு எப்படி இருக்குதம்மா?” என்றேன். “எனக்குப் பசிக்காட்டியும் இதுக்குப் பசிக்குதுங்களே சாமி! கத்துனா எந்திரிச்சுத்தானுங்களே ஆவோணும்” என்றார்.

சிந்திக்கத்தக்க சொல் அது. குட்டி வளர்ப்பது எளிய வேலையன்று. பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் கிடைத்தாக வேண்டும். அதுவே நோயைத் தாங்கும் வலிமையைத் தரும். பின்னர் வெதுவெதுப்பான பாலைச் சிறிது சிறிதாகப் பலமுறை புகட்ட வேண்டும். அவசரமாக ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். இரவில் குளிர் தாக்காமல் சாக்கு விரிக்க வேண்டும். கழிச்சல் கண்டுள்ளதா எனக் காலையில் பார்க்க வேண்டும். துயரத்தில் இரவும் பகலும் ஒன்றாகிப் போனவருக்கு இவ்வேலைகள் பொழுதைப் பிரித்துத் தருகின்றன. குட்டிக்குப் பால் காய்ச்ச அடுப்பை மூட்டுபவர் தமக்கும் ஒரு வாய் கஞ்சி வைத்துக்கொள்கிறார். தம்மை எதிர்பார்த்து ஓர் உயிர் காத்திருக்கின்றது என்னும் உணர்வே அருமருந்தாகின்றது.

நம் தமிழகத்தின் முதுமலையில் நிகழ்ந்ததை உலகமே அறியும். 2017-ஆம் ஆண்டு தாயை இழந்த ரகு என்னும் யானைக்குட்டி, தெப்பக்காடு முகாமில் காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த பொம்மன், பெள்ளி ஆகியோரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெள்ளியோ முன்னரே கணவரைப் புலிக்குப் பறிகொடுத்தவர், மகளையும் இழந்தவர். தாம் அழுதபோதெல்லாம் அக்குட்டி தேற்றியதை, கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய ஆவணப்படத்தில் அவரே கூறுகிறார். அப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கார் விருது பெற்றது. அதே ஆண்டில் தமிழக அரசு பெள்ளியை முகாமின் பெண் காவடியாகப் பணியமர்த்தியது.

ஆயினும் அன்பிற்கு விலை உண்டு. வளர்ந்த ரகு வேறொரு பாகனிடம் ஒப்படைக்கப்பட்டபோது அத்தம்பதியர் பெருந்துயர் அடைந்தனர். விருது கிடைத்த அதே மார்ச்சில், தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டியொன்று முகாமுக்கு வந்தது. சில நாட்களிலேயே இறந்தும் போனது. நேசிப்பவர் மீண்டும் இழக்கவும் நேரிடலாம். ஆனால் பிரிவுக்கு அஞ்சி எதையும் நேசியாத உள்ளம், நீர் வராத வாய்க்காலைப் போல் வறண்டுவிடும் அன்றோ!

இவ்வுண்மையை முன்னோரும் அறிந்திருந்தனர். 1796-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் சபையினர் மனநோயாளர்க்கென இல்லம் ஒன்றைத் தொடங்கினர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பது வழக்கமாயிருந்த அக்காலத்தில், இவ்வில்லத்தின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. திருமறையிலும் இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசரிடம் ஓர் ஏழையைப் பற்றிக் கூறுகிறார். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி; அவன் கலத்தில் உண்டு, அவன் மடியில் உறங்கி, மகளைப் போலவே அது வளர்ந்தது. அக்கதையைக் கேட்டே அரசரின் நெஞ்சம் கொதித்தது.

ஒன்றை மறவாதிருப்போம். குட்டியைக் கொடுத்துவிட்டதால் பெற்றோரைக் காண வரும் கடமை பிள்ளைகளுக்குத் தீர்ந்துவிடாது. உணவும் உறக்கமும் நெடுநாள் அற்றுப்போனவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இயலாத முதியவர்மேல் குட்டியைச் சுமத்துவதும் தகாது. வயலில் மயில் குஞ்சோ மான்குட்டியோ கிடைத்தால், அதை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடங்கொடாது. வனத்துறையினரிடமே ஒப்படைக்க வேண்டும்.

நம் ஊர்ப் பட்டிகளில் தாயற்ற குட்டிகளுக்குக் குறைவில்லை. நம் தெருக்களில் தனித்த முதியோருக்கும் குறைவில்லை. அடுத்த முறை உங்கள் பட்டியில் ஒரு குட்டி தாயை இழக்குமாயின், வளர்க்க விருப்பமும் வலிமையும் உள்ள அத்தகைய ஒருவரை நினைத்துப் பாருங்கள். பால்புட்டியோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மறுநாளும் சென்று, குட்டியையும் அவரையும் நலம் விசாரியுங்கள்.