ஒட்டுறவுக் கெழுவும் ஒரு புள்ளியும்

பகுதிநேரமாக முதுகலை பயிலும் ஆசிரிய நண்பர்கள் பலர், ஆய்வேட்டின் நான்காம் இயலை எட்டியதும் தயங்கி நின்றுவிடுகின்றனர். எண்களை என்ன செய்வது என்னும் அச்சமே காரணம். இலக்கணமும் இலக்கியமும் பழகிய எனக்கும் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் புதிய கருவியாகவே இருந்தது. 1968இல் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கென உருவாக்கப்பட்ட மென்பொருள் அது.

எனது ஆய்வு வினா எளியது. இல்லத்தில் தமிழ் நூல் வாசிக்கும் நேரத்திற்கும் கருத்துணர்தல் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா? மாணவர் ஒருவருக்கு ஒரு வரிசை. வாசிப்பு நேரத்திற்கு ஒரு பத்தி, மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி. 'அனலைஸ்' பட்டியில் 'கோரிலேட்', அதனுள் 'பைவேரியேட்', பிறகு பியர்சன். நொடியில் அட்டவணை வந்துவிடுகிறது. (தர வரிசையாக அமைந்த விடைகளுக்கு ஸ்பியர்மன் முறையே பொருத்தம்.)

எண்ணருகே உடுக்குறி விழுந்துவிட்டால் நமக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. அக்குறி சொல்வதோ சிறிது. தொடர்பே இல்லாதபோது இவ்வளவு பெரிய எண் தற்செயலாய்க் கிட்டுவது அரிது, அவ்வளவே. தொடர்பு வலியதா என்பதை அது சொல்வதில்லை. 10 மாணவர் எனில் கெழு ஏறத்தாழ 0.63ஐ எட்டினால்தான் குறி விழும்; 100 மாணவர் எனில் 0.20 போதும். அந்த 0.20ஐ அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: 0.04. மதிப்பெண்களின் ஏற்ற இறக்கத்தில் 4 விழுக்காடு மட்டுமே வாசிப்பு நேரத்தோடு இணைந்து செல்கிறது. இதனைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டில் வாசிக்காத பிள்ளை தேறாது" எனப் பெற்றோரிடம் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆதலால் சிதறல் விளக்கப்படத்தை முதலில் வரைந்துவிடுவேன். 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலாளர் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் கெழு ஏறத்தாழ 0.816தான். வரைந்து பார்த்தாலோ, ஒன்று வளைவாக நிற்கிறது. மற்றொன்றில் ஒற்றைப் புள்ளியே அந்த எண்ணை உண்டாக்குகிறது.

எனது படத்திலும் இடப்புற மேல் மூலையில் ஒரு புள்ளி தனித்து நின்றது. வாசிப்பு நேரம் சுழியம். மதிப்பெண்ணோ வகுப்பிலேயே மிகுதி. அதை நீக்கினால் கெழு உயரும் என்றார் உடன் பயிலும் நண்பர். நான் வினாநிரலை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, அம்மாணவியை அழைத்துப் பேசினேன். தாயாருக்குத் தொழிற்சாலையில் காலை வேலை. இருள் விலகுமுன்னரே மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுச் செல்கிறார். மணியடிக்கும்வரை சிற்றுண்டிச்சாலை விளக்கடியில் அவள் கதை நூல் வாசிக்கிறாள், நாள்தோறும்.

"வீட்டில் எவ்வளவு நேரம் என்றுதானே கேட்டிருந்தீர்கள், டீச்சர்?" என்றாள்.

புள்ளியை நீக்கவில்லை. நான்காம் இயலில் கெழு சற்றுத் தாழ்ந்தே நின்றது. ஐந்தாம் இயலில், பள்ளி தொடங்குமுன் பிள்ளைகள் வாசிக்கும் அந்த நேரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன்.