நுனி முடிந்த இடத்தில்



சென்ற மார்ச் மாதத்தில் என் மூத்த சகோதரரோடு ஒரு பகல் முழுவதும் வனாந்தரத்தில் நடக்கும் வாய்ப்பைக் கர்த்தர் அருளினார். தென்கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே உள்ளது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. அண்ணியார் மறைந்து ஓராண்டு நிறைந்த நாட்கள் அவை. "எனக்கு இனி முன்னால் ஒன்றுமில்லை, தம்பி" என்பதே அண்ணன் அடிக்கடி சொல்லும் வார்த்தையாயிருந்தது.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு காலையிலேயே புறப்பட்டோம். ஹிடன் வேலி என்னும் பாறை சூழ்ந்த பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். வீட்டைவிட உயர்ந்த பாறைகள்; அவற்றைக் கடந்தால், கைகளை வானத்துக்கு ஏறெடுத்து நிற்பவைபோன்ற மரங்கள். அவ்வழியே வந்த மோர்மன் குடியேறிகள் அவற்றைக் கண்டு யோசுவாவை நினைத்து இப்பெயரை இட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இம்மரம் இளமையில் கிளையின்றி ஒரே தண்டாக வளரும். நுனியில் பூங்கொத்து தோன்றியபின் அந்நுனி மேலே வளராது. சில வேளைகளில் வண்டு துளைத்து நுனிக்குருத்தையே அழித்துவிடும். அவ்விதம் நுனி முடிந்த இடத்திலிருந்துதான் மரம் கிளைவிடுகிறது. பாதையோரப் பலகையில் இதை வாசித்த அண்ணன், நெடுநேரம் அங்கேயே நின்றார்.

இப்பூங்கா உருவானதும் ஏறக்குறைய அப்படித்தான். மினர்வா ஹோய்ட் என்னும் பெண்மணி தம் பச்சிளங்குழந்தையையும் கணவரையும் பறிகொடுத்தவர். தோட்டங்களை அலங்கரிப்பதற்காக மக்கள் பாலைநிலச் செடிகளைப் பிடுங்கிச் சென்ற காலம் அது. அந்நிலத்தைக் காப்பதற்கே அவர் தம்மை ஒப்புக்கொடுத்தார். நியூயார்க்கிலும் லண்டனிலும் பாலைத் தாவரக் கண்காட்சிகளை நடத்தினார். 1936-ல் அதிபர் ரூஸ்வெல்ட் எட்டு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். 1994-ல் அது தேசியப் பூங்காவாயிற்று.

பிற்பகலில், ஏறக்குறைய 1,580 மீட்டர் உயரத்திலுள்ள கீஸ் வியூ முனைக்குச் சென்றோம். தூரத்தில் சால்டன் ஏரி மங்கலாய்த் தெரிந்தது. அங்கே அமர்ந்து அண்ணன் அண்ணியாரைப் பற்றிப் பேசினார். அவர் சிரித்துக்கொண்டே அண்ணியாரின் பெயரைச் சொன்னதை அந்த ஓராண்டில் அன்றுதான் கேட்டேன்.

பிரியமானவர்களே, எலியாவும் வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் நடந்து, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, தன் ஜீவன் முடிந்தால் போதும் என்று கேட்டான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், தூதனைக்கொண்டு அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அதன்பின்னரே புதிய ஊழியத்தையும் எலிசாவையும் காண்பித்தார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை இவ்வாரம் நிதானமாய் வாசியுங்கள்.

முடிந்த நுனி மறுபடி வளர்வதில்லை. உங்கள் இழப்பும் சிறியதென்று நான் சொல்லமாட்டேன். எனினும் வேர் உயிரோடிருக்கிறது. கிளை நீங்கள் எண்ணாத திசையில் புறப்படலாம். உங்களுக்கு அறிமுகமான ஒருவர் இன்று சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்திருக்கக்கூடும். அவரிடம் ஆலோசனையோடு போவதற்குமுன் அப்பத்தோடும் தண்ணீரோடும் போங்கள். கொஞ்ச தூரம் கூட நடங்கள்.

சகலவித ஆறுதலின் தேவன் உங்களைத் தாங்குவாராக. ஆமென்.