இடிக்க எவ்வளவு ஆகும்?

கட்டறதுக்கு எஸ்டிமேட் கேட்டா சதுர அடிக்கு இவ்வளவுன்னு யார் வேணா சொல்லிடுவாங்க. இடிக்கிறதுக்குக் கேட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்! கும்பகோணத்துல தாத்தா 1938-ல கட்டின ஓட்டு வீட்டை இடிச்சுடலாம்னு முடிவாகி, ரேட் விசாரிக்கிற வேலை என் தலைல விழுந்தது. (அண்ணன் பெங்களூர்ல இருந்துக்கிட்டு போன்லயே பொறுப்பா இருப்பார்.)

முதல்ல வந்த பையன் வாசல்ல நின்னபடியே 90,000 கேட்டான். ஜேசிபிக்கு மணி வாடகை, லாரிக்கு நடைக்கூலி. அவ்வளவுதான் அவன் கணக்கு.

ரெண்டாவதா வந்தவர் வயசான மேஸ்திரி. சட்டைப்பைலேர்ந்து ஒரு ஆணியை எடுத்து, காரை விழுந்த இடத்துல செங்கல் இடுக்கைச் சுரண்டினார். பொடிப்பொடியா உதிர்ந்தது. "சுண்ணாம்புச் சாந்து சார், கல்லு முழுசா கழண்டு வரும்"னார். சிமெண்ட் பூச்சுன்னா சாந்து விடாது, கல்லுதான் உடையுமாம். அப்புறம் தூண், உத்திரம், நிலைன்னு ஒண்ணொண்ணா விரலால தட்டிப் பார்த்தார். எல்லாம் பர்மா தேக்கு. இதெல்லாம் காரைக்குடி பழைய சாமான் கடைகளுக்குப் போய், அங்கேர்ந்து ஏதாவது ரிசார்ட்ல போய் நிக்குமாம்.

"நீங்க தர வேண்டாம் சார், நான்தான் உங்களுக்குத் தரணும். 1,65,000."

எனக்குத் தலை சுத்திடுச்சு.

கொல்லைப்பக்கம் போனோம். அங்கே அப்பா 1983-ல லோன் போட்டுக் கட்டின கான்கிரீட் ரூம், 12-க்கு 15. வர்றவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுவார். மேஸ்திரி அண்ணாந்து பார்த்ததுமே முகம் மாறிடுச்சு. 5 இஞ்ச் தளம்னா 75 கன அடி, 5 டன் கிட்ட வரும். கம்பி 150 கிலோ தேறினா பெரிசு, அதுவும் எடுக்கிற கூலிக்கே போயிடும். போதாததுக்கு அந்தப் பக்கம் பொதுச்சுவர். மிஷின் வெச்சா பக்கத்து வீடு விரிசல் விடும், ஆள் வெச்சு சம்மட்டியாலதான் உடைக்கணும். "இதுக்கு 25,000 கழிச்சுக்கறேன் சார்."

தாத்தா வீடு வரவு, அப்பா ரூம் செலவு. இதைக் கேக்க அப்பா இல்லைன்னு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்தது. அடுத்த நிமிஷம் என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

மேஸ்திரி விடலை. "இடிச்சா சுவரு ஒன்றரை மடங்கு பெருத்துடும் சார், லோடுலதான் காசு கரையும். அந்தக் கிணத்துல தள்ளிட்டா நாலு லோடு மிச்சம்." 6 அடி அகலம், 30 அடி ஆழம். மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். எட்டரை யூனிட், ரெண்டு யூனிட் லாரிக்கு நாலு நடைக்குக் கொஞ்சம் மேல. மனுஷன் பார்த்தே சொல்லிட்டார்!

அதுவரைக்கும் ஊஞ்சல்ல பேசாம உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாங்க. "தூணை எடுத்துக்கோங்க, ஊஞ்சலையும் எடுத்துக்கோங்க. கிணத்துல ஒரு கல்லு விழக்கூடாது." கல்யாணமாகி வந்த மறுநாள்லேர்ந்து இறைச்ச கிணறு.

மேஸ்திரி மறுத்துப் பேசலை. "அப்ப 10,000 குறையும்மா"ன்னார். ஆக 1,30,000.

அண்ணனுக்கு போன் போட்டேன். கிணறு இருந்தா கார் நிறுத்த இடம் இருக்காதேன்னார். "அதை நீயே அம்மாகிட்ட சொல்லிடு"ன்னு போனை நீட்டிட்டேன். ரெண்டு நிமிஷத்துல போன் திரும்பி வந்தது. கிணத்து மேல போட இரும்பு வலை என்ன விலைன்னு கேக்கறார்.