கண்ணாடியும் கட்டாந்தரையும்

எந்த மாதத்தில் போனால் நன்றாயிருக்கும்? பயணம் என்றதும் நாம் கேட்கும் முதற்கேள்வி இதுவே. தென் அமெரிக்காவில் பொலிவிய நாட்டிலுள்ள உயுனி உப்புவெளியைக் குறித்து இவ்வாறு கேட்டால், ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

ஆந்திஸ் மலைத்தொடரின் உயர்ந்த பீடபூமியில், ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக அவ்வெளி பரந்து கிடக்கிறது. மனிதர் பாத்தி கட்டி விளைவித்த உப்பளம் அன்று அது. பண்டைக்காலத்துப் பேரேரிகள் வற்றியபின் எஞ்சிய உப்பு.

டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். வடிந்தோட வழியற்ற நீர் உப்பின்மீது மெல்லியதாய்த் தேங்குகிறது. காற்று அடங்கிய பொழுதில் வானம் அப்படியே தரையில் தெரிகிறது. மேல் எது, கீழ் எது என்று கண் மயங்குகிறது. இந்தக் கண்ணாடியைக் காண விழைவோர் ஜனவரி, பிப்ரவரியில் செல்வது நலம். ஆனால் நீர் மிகுந்தால் வண்டிகள் உள்ளே போகமாட்டா. நெடிய கள்ளிகள் ஓங்கி நிற்கும் இன்காவாசித் தீவை அடைய முடியாமற்போகும்.

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். கட்டாந்தரையான உப்பில் பலகோணக் கட்டங்கள் வரம்பிட்டாற்போல் எழுகின்றன. வானம் தெளிந்திருக்கும், தீவுக்கும் வழி திறந்திருக்கும். ஆனால் ஜூன், ஜூலை அங்கே கடுங்குளிர்க் காலம். இரவில் நீர் உறையும் நிலைக்கும் வெகு கீழே குளிர் இறங்கும்.

எம்மாதமாயினும் உயரம் ஒன்றே. கடற்கரையில் நமக்குக் கிடைக்கும் உயிர்வளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே அங்குண்டு. ஐம்பதைக் கடந்த நம்போன்றோர் இரண்டு மூன்று நாள் ஓய்ந்திருந்து, உடல் பழகியபின் சுற்றிப் பார்ப்பதே அறிவுடைமை.

இவையெல்லாம் காணச் செல்வோரின் கணக்கு. அங்கே வாழ்வோருக்கு வேறொரு கணக்குண்டு. வெளியின் ஓரத்திலுள்ள கொல்சானி ஊரார் உப்பைச் சுரண்டிச் சிறு கூம்புகளாகக் குவித்து, நீர் வடிந்து உலர்ந்தபின் வண்டியேற்றுவர். வெயில் காய்ந்தால்தான் அந்த வேலை நடக்கும். பயணிக்குக் கண்ணாடியாகும் அதே நீர், உப்பு வாருவோரின் கையைக் கட்டிப்போடுகிறது.

அப்படியானால் மழை அவர்களுக்குப் பகையா? அன்று. ஆண்டுதோறும் அந்நீரே மேற்பரப்பைக் கரைத்து, மேடு பள்ளங்களை நிரவி, புதிய உப்பைப் படியவைக்கிறது. அத்தனை பெரிய வெளியிலும் உயர வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. விண்ணிலிருந்து உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களின் கருவிகளைச் சரிபார்க்கவும் அச்சமநிலம் உதவியிருக்கிறது. வறண்ட காலத்தின் கட்டங்களுக்கும் மழையே தாய். வேலை நின்ற மாதங்களை வீணான மாதங்கள் என்று எவ்வாறு சொல்வோம்?

நமது வாழ்விலும், கைகட்டி இருக்க நேர்ந்த காலங்களை இழப்பென்றே எழுதி வைக்கிறோம். அப்போது அடியில் என்ன படிந்தது என்று பார்ப்பதில்லை.

எம்மாதம் என்று நம்மைக் கேட்டால், மே என்போம். கண்ணாடி பெரும்பாலும் மறைந்திருக்கும், கடுங்குளிர் முற்றியிராது. படம் பிடிப்போருக்கு அது சற்று ஏமாற்றமாகலாம். ஆயினும் மழை விட்டுச்சென்ற புது உப்பின்மீது மனிதர் மீண்டும் வேலைக்கு இறங்கும் காலம் அது. அதுவும் காணத்தக்க காட்சியே.