கண்ணாடிக் கத்தியின் பூர்வோத்தரம்

சர்வகலாசாலையொன்றின் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் கூடத்தில் தொழில்நுட்ப நிபுணன் என்ற பெயரோடு உத்தியோகம் பார்க்கும் நான், அந்தப் பெயர் கேட்பவர் மனத்தில் எழுப்புகிற கம்பீரமான சித்திரத்திற்கு மாறாக, நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது ஆளுயரத்திற்கு மேல் நிற்கும் அந்த யந்திரத்தின் முன்னால் அன்று. பக்கத்து அறையில் கண்ணாடி உடைப்பதிலேதான் என்று சொன்னால், புதியவர்கள் நான் பரிகாசம் செய்வதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் விஷயம் உண்மை. ஈரலானாலும் இலையானாலும் நரம்பானாலும், திசுவை ரசாயனங்களில் பதப்படுத்தி, ரெசினில் ஊறவைத்து, உஷ்ணத்தில் கல்போல் இறுகச் செய்து, பிறகு ஏறக்குறைய 70 நானோமீட்டர் கனமுள்ள ஏடுகளாகச் சீவினாலன்றி எலெக்ட்ரான்கள் அதனூடே சென்று தெளிவான பிம்பம் தருவதில்லை. சீவுகிற யந்திரத்திற்கு அல்ட்ராமைக்ரோடோம் என்று பெயர். அதில் பொருத்தும் கத்தியோ, 25 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடிப் பட்டையைச் சதுரங்களாக முறித்து, ஒவ்வொரு சதுரத்தையும் மூலைவாட்டில் கீறிப் பிளந்தால் கிடைக்கும் முக்கோணத்தின் ஒரு விளிம்பே. அதை யாரும் சாணை பிடிப்பதில்லை, பிடித்தால் கெட்டுப்போகும்.

இந்தக் கத்தியின் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்கு உண்டாக்கியவர் விஞ்ஞானி அல்லர், தணிக்கைக்கு வந்த ஒரு கணக்கர். கண்ணாடிப் பட்டைகளுக்கான பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "ஜன்னலுக்கா ஸார்?" என்றார். "இல்லை, கத்திக்கு" என்றேன். "கண்ணாடியிலே கத்தியா? இதை யார் ஸார் கண்டுபிடிச்சது?" என்று அவர் கேட்டபோது, தினந்தோறும் கையாளும் பொருளைப் பற்றிய அந்தச் சிறு கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

யந்திரத்தோடு வந்த கையேடு எப்படி உடைப்பது என்று விஸ்தாரமாகச் சொல்லிற்று. யார் முதலில் உடைத்தார் என்பதைப் பற்றி மௌனம். நோர்மா ரீட் 1975இல் எழுதிய அல்ட்ராமைக்ரோடோமி நூலைப் புரட்டியபோதுதான் ஒரு நூலிழை அகப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம், லாட்டா, ஹார்ட்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1950ஆம் வருஷத்தில் பிரசுரித்த, சில பக்கங்களே கொண்ட ஒரு குறிப்பு. உடைந்த கண்ணாடியின் விளிம்பைக் கத்தியாகக் கொண்டு ஏடுகள் சீவலாம் என்பதே அதன் சாரம். தேடல் இத்தனை சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்குச் சற்று ஏமாற்றம். ஆயினும் அந்த வருஷம் என் மனத்தை உறுத்தியது. நோலும் ருஸ்காவும் பெர்லினில் முதல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை அமைத்தது 1931இல். ஸீமென்ஸ் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1939இல். கண்ணாடியோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் கையில் உடைந்துகொண்டிருக்கிறது. அப்படியிருக்க, 1950 வரை இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

இந்தச் சந்தேகம் என்னைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. அங்கே நான் கண்டது ஒரு நம்பிக்கையின் சரித்திரம். மிருதுவான பொருளை மெல்லியதாகச் சீவ வேண்டுமானால், அது நசுங்கவோ வளையவோ அவகாசமின்றிக் கத்தி மின்னல் வேகத்தில் பாய வேண்டும் என்பது அக்காலத்துப் பெரியோர் பலரின் அபிப்பிராயம். கேட்பதற்கு எத்தனை நியாயமாக இருக்கிறது! 1943இல் ஓப்ரையன், மெக்கின்லி என்பவர்கள் அதிவேக மைக்ரோடோம் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். 1946இல் ஆல்பர்ட் கிளாடும் ஃபுல்லமும் அதே மார்க்கத்தில் சென்றார்கள். கத்தி சுழல, சீவல்கள் காற்றில் தூசிபோல் பறக்க, அவற்றில் அகப்பட்டவற்றைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்த அந்தப் பிரயாசையைப் படிக்கையில், மூச்சுவிட்டால் ஏடு நகர்ந்துவிடுமே என்று அஞ்சி அஞ்சி வேலை செய்கிற எனக்கு நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றின. சீவுகிற வழி கைகூடாமையால்தான், 1945இல் கிளாட், ஃபுல்லம் இருவரோடு சேர்ந்து கீத் போர்ட்டர் வெளியிட்ட புகழ்பெற்ற படம், கோழிக்கருவின் உயிரணுவைச் சீவாமலே, அது தானாகவே மெல்லியதாகப் பரந்து வளர்ந்த நிலையில் எடுத்ததாக இருந்தது.

நம்பிக்கை தகர்ந்தது 1948இல். பீஸ், பேக்கர் என்ற இருவர், எல்லாக் கூடங்களிலும் கிடந்த சாதாரண மைக்ரோடோமையே எடுத்து, ஒவ்வொரு சீவலுக்கும் அது முன்னேறும் அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, திசுவை மேலும் கெட்டியாகப் பதித்து, நிதானமாகவே சீவிக் காட்டினார்கள். வேகம் வேண்டியதில்லை என்று தெளிந்தது. அடுத்த வருஷம் நியூமன், போரிஸ்கோ, ஸ்வெர்ட்லோ மூவரும் மெழுகுக்குப் பதிலாக மெதாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக்கில் திசுவைப் பதிக்கும் முறையை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக்கின் கடினத்தில் எஃகுக் கத்தியின் கூர்மை விரைவில் மழுங்கிற்று. எத்தனை தீட்டினாலும் அவ்விளிம்பில் நுண்ணிய பற்கள் எஞ்சின. கண்ணாடிக்கு இடம் ஏற்பட்டது அப்பொழுதுதான். லாட்டாவும் ஹார்ட்மனும் தங்கள் குறிப்பை அனுப்பியது, பீஸும் பேக்கரும் எழுதிய அதே சஞ்சிகைக்கு. நிதானமும் பிளாஸ்டிக்கும் முன்னே வந்திராவிட்டால், யாரேனும் கண்ணாடியைக் கொண்டுவந்து அந்தச் சுழலும் சக்கரத்தில் பொருத்தியிருந்தாலும் அது பொடியாய்ப் போனதுதான் மிச்சமாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

ஏடுகள் கத்தியின் பின்னுள்ள சிறு தொட்டியில் நீர்மேல் மிதக்கும் முறையும் அந்தக் காலத்து ஏற்பாடே. தொட்டியை நாங்கள் டேப் ஒட்டி, சந்துகளை நகப்பூச்சால் அடைத்துச் செய்துகொள்கிறோம். மிதக்கும் ஏடு பொன்னிறமாயிருந்தால் கனம் அதிகம், வெள்ளியானால் உத்தமம், சாம்பல் நிறமானால் மிக மெல்லியது. அவற்றை அணைத்து ஒதுக்கக் குச்சியின் நுனியில் ஒட்டிய கண்ணிமை மயிரைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. கண்ணாடியைச் சீராக உடைக்கும் எல்.கே.பி. யந்திரம் ஸ்வீடனிலிருந்து வந்தது அறுபதுகளில். அதற்கு முன்னெல்லாம் ஜன்னல் வேலைக்காரரின் கீறுகோலும் இடுக்கியுமே துணை. கண்ணாடி மெல்ல ஒழுகுவதால்தான் விளிம்பு நாளடைவில் மழுங்குகிறது என்று கூடங்களில் ஓர் ஐதீகம் உண்டு. சாதாரண உஷ்ணத்தில் கண்ணாடி அவ்வாறு ஒழுகுவதில்லை. ஆனால் உடைத்த கத்தியை அன்றைக்கே உபயோகி என்ற உபதேசத்தை நானும் மீறுவதில்லை.

போர்ட்டரும் பிளமும் 1953இல் வெளியிட்ட மைக்ரோடோமில் இந்தக் கத்திகள் ஏறிய பிறகு, உயிரணுவின் உள்ளமைப்பு ஒவ்வொன்றாக வெளிப்படலாயிற்று. மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகளையும், பின்னர் ரைபோசோம் என்று பெயர்பெற்ற துகள்களையும் பலாடே என்ற விஞ்ஞானி விவரித்தது அந்தச் சில வருஷங்களில்தான். 1974இல் நோபெல் பரிசு பலாடேக்கும் டி டூவுக்கும், ஒரு காலத்தில் அதிவேகத்தை நம்பிய அதே கிளாடுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. போர்ட்டருக்கு அதில் பங்கில்லாமற்போனது எனக்கு இன்றும் குறையாகவே தோன்றுகிறது.

கண்ணாடிக்குப் போட்டியாக வைரத்தைக் கொண்டுவந்தவர் வெனிசுவேலா நாட்டு ஃபெர்னாண்டஸ் மோரான்; அதுவும் ஐம்பதுகளின் முற்பகுதியிலேயே. எங்கள் கூடத்தில் முதற்சீவலுக்குக் கண்ணாடி, கடைசி ஏடுகளுக்கு வைரம் என்பது வழக்கம். எனினும் புதிதாக வரும் மாணவர்கள் கண்ணாடியிலேயே வெள்ளி நிற ஏடுகளை அறுபடாமல் வரிசையாக எடுத்துக் காட்டும்வரை வைரக் கத்தியின் பெட்டியை நான் திறப்பதில்லை. அதன் பொருட்டு அவர்கள் எனக்குச் சூட்டியிருக்கும் பட்டப்பெயர்களில் சில என் காதுக்கும் எட்டியிருக்கின்றன.