அப்பாவின் யாஷிகா

கும்பகோணத்தில் அப்பா நடத்திய ஸ்டூடியோவில், பீரோவின் மேல்தட்டு எனக்கு எட்டாது. யாஷிகா மேட் 124ஜி கேமரா அங்கேதான் இருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் கனம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இறக்கி என் மடியில் வைப்பார். மேல்மூடியைத் திறந்து குனிந்தால் தெரு இடவலம் மாறித் தெரியும். வலப்பக்கம் போகிற சைக்கிள் உள்ளே இடப்பக்கம் போகும்.

பிலிம் போடாத நாளில் ஷட்டரைத் தட்டிப் பார்க்க விடுவார். பக்கவாட்டுக் கைப்பிடியை விரித்து முன்னால் சுற்றி, பின்னால் திருப்பினால் ஷட்டர் ஏறிக்கொள்ளும். "ஒரு செகண்டுல வை, காதுகிட்ட கொண்டு போ" என்பார். உள்ளே குட்டிப் பல்சக்கரங்கள் ஸ்ர்ர்ரென்று ஓடி நிற்கும். நடுவில் திணறினால் எண்ணெய் இறுகிவிட்டது என்று அர்த்தம். மழைக்காலம் முடிந்ததும் இந்தச் சோதனையை அவர் விட்டதே இல்லை.

பேட்டரி வேண்டியது லைட் மீட்டருக்கு மட்டும்தான். மீட்டர் எப்போதோ படுத்துவிட்டது. அப்பா வெயிலைப் பார்த்தே அப்பர்ச்சர் வைப்பார். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவது. முகூர்த்த நாளில் விடியலிலிருந்து ராத்திரி வரை, ரோலுக்கு 12 படமாக, அது சளைக்காமல் ஓடியது. ஒருமுறை மண்டபத்துப் படியில் உருண்டு மேல்மூடி ஓரம் நசுங்கியது. அப்பா இடுக்கியால் நிமிர்த்தினார். காலண்டர் எழுத்தை வைத்து போகஸ் சரிபார்த்துவிட்டு, அன்று சாயங்கால ரிசப்ஷனையும் அதிலேயே எடுத்தார்.

அதிலும் கெட்டுப்போகிற சாமான் ஒன்று இருந்தது. பின்மூடியில் வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டிய கறுப்பு ஸ்பாஞ்ச் வருஷம் போகப் போக நைந்து தார் மாதிரி விரலில் ஒட்டியது. மெக்கானிக் அதை ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிதாக ஒட்டினார். கையோடு முன்பக்கத் தோலை உரித்து, திருகாணிகளைக் கழற்றி, ஷட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்தார். கழற்றிய வரிசையிலேயே திருகாணிகள் வெள்ளைத்துணியில் கிடந்தன. அவர் முழங்கை பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். உலோகத்தின் கனத்தைவிட, எந்தப் பாகத்தையும் ஒரு மனிதக் கை போய்த் தொட முடிந்ததே அந்தக் கேமராவின் ஆயுள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1970-இல் வந்த அந்த மாடலை 1986-இல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்பாஞ்சை நானே மாற்றிவிடுகிறேன். ஷட்டரைப் பிரிக்கத் தெரிந்த ஆள் எங்கள் ஊரில் இல்லை. அதற்குச் சென்னைக்குத்தான் எடுத்துப் போகிறேன்.